தலையாரி: ஒரு பெயரின் வரலாறும் பொறுப்பும்

(திருமயத்தில் ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



கடன், தவணை, வட்டி, தணிக்கை என்னும் நான்கு சொற்களையன்றி வேறொன்றும் அறியாதவர் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் என்று உங்களில் பலர் எண்ணியிருக்கக்கூடும். இன்று அந்நான்கையும் சற்று ஒதுக்கி வைத்து, நம் நாட்டுப்புறத்தில் சிறு பிள்ளைகளுங்கூட அறிந்த ஒரு பெயரைக் குறித்துப் பேச விரும்புகிறேன். அஃது ‘தலையாரி’ என்னும் பெயர். இதற்கும் ஐக்கிய சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சிறிது பொறுத்துக் கேட்பீர்களாயின், அப்பெயர் தெருவெல்லாம் சுற்றிவிட்டு, முடிவில் நம் சங்கத்தின் கணக்குப் புஸ்தகத்தண்டை வந்து நிற்பதைக் காண்பீர்கள்.

பெயரின் பொருள்

குடியானவனுடைய செல்வம் பெட்டியில் பூட்டி வைக்கத் தக்கதன்று. பயிர் வயலிலே நிற்கிறது. நெல் களத்திலே கிடக்கிறது. மாடு தொழுவத்திலே கட்டியிருக்கிறது. தண்ணீர் கண்மாயிலே தேங்கியிருக்கிறது. இவற்றுள் எதற்கும் கதவில்லை. ஒருவன் தன் பயிரை இரவெல்லாம் விழித்துக் காப்பானாகில் பகலில் ஏர் பிடிப்பது யார்? ஆகவே ஊரார் ஒன்றுகூடித் தங்களுக்கெல்லாம் பொதுவாக ஒருவனை விழித்திருக்கச் செய்து, அவனுக்கு விளைவில் ஒரு பங்கு கொடுத்தனர். நம் முன்னோர் செய்த கூட்டுறவுக் காரியங்களுள் இது மிகப் பழமையானவற்றில் ஒன்று என்று சொல்லலாம். மதுரை நகரில் இரவு காவல் புரிந்த ஊர்காப்பாளரைப் பற்றிச் சங்க நூலாகிய மதுரைக்காஞ்சியிலேயே காண்கிறோம்.

இக்காவலனுக்குத் தமிழ் நாட்டில் வழங்கிய பெயர்களுள் தலையாரி என்பது ஒன்று. தெலுங்கு நாட்டார் தலாரி என்பர். கன்னட நாட்டார் தளவாரர் என்பர். இம்மூன்றும் ஓரினச் சொற்கள். கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள நாகார்ச்சுன கொண்டையில் கி.பி. 3ஆம் நூற்றாண்டுச் சாசனங்களில் ‘மகாதலவரர்’ என்னும் பட்டம் காணப்படுகிறது. அப்பட்டம் தாங்கியவர்கள் ஊர்க்காவல் சேவகர்கள் அல்லர். அரச குடும்பத்துப் பெண்களை மணந்த பெரும் பிரபுக்கள். அறிஞர் பலர் தலையாரி என்னும் சொல்லை இப்பட்டத்தோடு சேர்த்தே ஆராய்கின்றனர். எனவே ஒரு காலத்தில் பிரபுவுக்கு உரியதாயிருந்த பெயர், நூற்றாண்டுகள் கழிந்தபின் கையில் தடியும் தோளில் கம்பளியுமாக ஊரைச் சுற்றிவரும் எளிய மனிதனுக்கு உரியதாயிற்று.

இதில் நாம் வியப்படைய வேண்டுவதில்லை. ‘கான்ஸ்டேபிள்’ என்னும் ஐரோப்பியச் சொல்லுக்கு இலத்தீன் மொழியில் ‘குதிரை லாயத்துத் தலைவர்’ என்பது மூலப்பொருள். அரசனுக்கு அடுத்த நிலையிலிருந்த படைத்தலைவர்கள் அப்பெயர் பூண்டிருந்தனர். பிற்பாடு அதுவும் தெருவில் நிற்கும் சேவகருடைய பெயராயிற்று. பெயர்கள் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீரைப் போலவே ஓடுகின்றன. ஆனால் ஓடிய பின்னும் ஒரு தன்மை மாறுவதில்லை. அத்தன்மையே இன்று நான் சொல்ல வந்தது.

காவற்கூலிக்குள் அடங்கிய கடமை

தமிழ் நாட்டுக் கல்வெட்டுக்களில் ‘பாடிகாவல்’ என்றும் ‘தலையாரிக்கம்’ என்றும் இரண்டு வரிகள் வருகின்றன. இரண்டும் ஊர்க்காவலுக்காகக் குடிகள் கொடுத்தவை. இவ்வரி கொடுப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. களவு போனால் காவலன் களவைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாதாயின், போன பொருளின் விலையைத் தானே ஈடு செய்ய வேண்டும். இதுதான் பழைய காவலின் உயிர்நிலை. கூலி வாங்குவது வேலைக்கு மட்டுமன்று. பொறுப்பை ஏற்றதற்கும் ஆகும்.

இம்முறை நம் ஊர்களுக்கு மட்டும் உரியதன்று. சென்னைப்பட்டணத்தில் ஆங்கிலக் கம்பெனியார் 17ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டிக் குடியேறியபோது, பட்டணத்தின் காவலைப் பெத்த நாயக்கர் என்னும் பரம்பரைக் காவல் தலைவரிடம் ஒப்புவித்தனர். அவருக்குக் கீழே தலையாரிகள் இருந்தனர். அவருக்கு நெல் விளையும் நிலமும், சில சரக்குகளின் மேல் சிறு சுங்கமும் விடப்பட்டன. அதற்கு ஈடாக, பட்டணத்தில் களவு போன பொருளுக்கு அவர் பதில் சொல்லவேண்டும். பொருள் அகப்படாவிடில் நஷ்டத்தைக் கொடுக்கவேண்டும். பெத்துநாயக்கன்பேட்டை என்று சென்னையில் இன்றும் வழங்கும் இடம் அவருடைய பதவியின் ஞாபகச் சின்னமாகும்.

அதே சென்னையில் கொத்தவால் சாவடி என்று ஓரிடமுண்டு. காய்கறி மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்படும் வரையில் அங்கேதான் நடந்துவந்தது. கொத்தவால் என்பது வடநாட்டு நகரக் காவல் அதிகாரியின் பட்டம். ‘கோட்டபாலன்’, அதாவது கோட்டையைக் காப்பவன், என்னும் வடசொல்லே கொத்தவால் என்று திரிந்தது. அக்பர் பாதுஷாவின் ஆட்சிமுறைகளை விவரிக்கும் அயினி அக்பரி என்னும் நூல் கொத்தவாலின் கடமைகளை வகுத்துக் கூறுகிறது. வீடுகளுக்குக் கணக்கு வைத்தல், அளவும் நிறையும் சரியாயிருக்கச் செய்தல் முதலியவற்றோடு, திருட்டுப்போன பொருளைத் தேடித் தருதல், தவறினால் தானே பொறுப்பேற்றல் என்பதும் அவற்றுள் ஒன்று. சந்தை கூடும் இடத்துக்குக் கொத்தவாலின் பெயர் வந்ததற்குக் காரணம் இப்போது விளங்கும்: படியையும் தராசையும் பார்ப்பதும் காவலின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டது.

இங்கிலாந்து தேசத்திலும் 1285ஆம் வருஷத்தில் ஏற்பட்ட வின்செஸ்டர் சட்டம் இதையே கூறிற்று. வழிப்பறி நடந்து கள்வர் பிடிபடாவிடில், அவ்வட்டாரத்து ஜனங்கள் யாவரும் சேர்ந்து நஷ்டத்தை ஈடு செய்யவேண்டும். ஆகவே காவல் எங்கே உண்மையாக இருந்ததோ அங்கெல்லாம் அதற்குப் பின்னே பொறுப்பும் நின்றது.

காவல் ஆட்சியான விதம்

நிற்க. நம் புதுக்கோட்டைச் சீமையில் இக்காவல் என்ன ஆயிற்று என்பதைக் கவனிப்போம். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தார் 1929இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டிப் பார்ப்பவர்கள், 14, 15ஆம் நூற்றாண்டுகளில் ஊரார் பலர் தங்கள் ஊர்ப் பாடிகாவலை அரையர்களுக்கும் சிற்றரசர்களுக்கும் எழுதிக்கொடுத்ததைக் காணலாம். படையெடுப்பும் பஞ்சமும் வரிப்பாக்கியும் ஊர்களை நலிவித்த காலம் அது. ஊரார் கையில் பணமில்லை. ஊரைக் காக்கப் பலமுமில்லை. பலமுடைய ஒருவரிடம் பொன் வாங்கிக்கொண்டு காவலுரிமையைக் கொடுத்தனர்; இன்ன நிலத்துக்கு இவ்வளவு நெல் என்று காவற்பங்கும் விதித்துக்கொண்டனர். அப்பங்குக்கு ‘அரசு சுவதந்திரம்’ என்று பெயர் வந்தது. பெயரைக் கவனியுங்கள்! காவற்கூலியாகப் பிறந்தது அரசுரிமையாக வளர்ந்துவிட்டது. சூரைக்குடித் தலைவர்களும், வைத்தூர்ப் பல்லவராயர்களும், வேறு பல அரையர்களும் இக்காவல் வழியாக இப்பக்கத்தில் செல்வாக்கு அடைந்தவர்கள்.

அவர்கள் காத்தது பொய்யென்று நான் சொல்லவில்லை. கொடிய காலத்தில் அவர்கள் இல்லாவிடில் பல ஊர்கள் பாழ்பட்டிருக்கும். ஆயினும் ஒன்று மட்டும் உறுதி. காவலனை நியமிப்பதும் நீக்குவதும் ஊரார் கையில் இருந்த வரையில் அவன் ஊரின் ஊழியன். அவ்வுரிமையை விற்ற நாள் முதல் அவன் ஊருக்கு அதிபதி.

தெற்கே திருநெல்வேலிச் சீமையில் பாளையக்காரர்கள் வாங்கிவந்த ‘திசைகாவல்’ வரியும் இத்தகையதே. தத்தம் பாளையத்துக்கு அப்பாலுள்ள ஊர்களிலும் காவலின் பேரால் அவர்கள் வரி வாங்கினர். வீரபாண்டியக் கட்டபொம்மன் கம்பெனியாரோடு பொருது, புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் அகப்பட்டு, 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட சரித்திரத்தை நீங்கள் அறிவீர்கள். 1687இல் இராமநாதபுரம் சேதுபதி கட்டிய நம் திருமயம் கோட்டையை ஜனங்கள் ‘ஊமையன் கோட்டை’ என்று அவர் தம்பியின் பெயரால் வழங்குவதும் அக்காலத்தின் நினைவே. அப்போரின் காரணங்களுள் காவலுரிமை யாருக்கு, அதன் வரி யாருக்கு என்பதும் ஒன்றாய் இருந்தது. பாளையங்கள் ஒடுங்கிய பின்னர்க் கம்பெனியார் அக்காவல் வரியைத் தாமே எடுத்துக்கொண்டனர்.

பொறுப்பு நீங்கிய காவல்

வரியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஆனால் ஊரிலே இரவில் விழித்திருப்பது யார்? 1802இல் தாரோகாக்கள் என்னும் உத்தியோகஸ்தரை நியமித்துப் பார்த்தனர். அம்முறை பயன்படவில்லை. தாமஸ் மன்றோ முதலியோரின் ஆலோசனைப்படி 1816ஆம் வருஷத்து 11ஆவது ரெகுலேஷன் வந்தது. அதனால் கிராம முன்சீபும் அவருக்குக் கீழ்ப்பட்ட தலையாரியும் மறுபடியும் ஊர்க்காவலுக்கு உரியவர்களாயினர். 1859ஆம் வருஷத்து 24ஆவது சட்டத்தினால் சென்னை மாகாணத்துப் போலீஸ் இலாகா ஏற்பட்டது. அதன் பிறகு களவுக்கு ஈடு கொடுக்கும் பொறுப்பு எவருக்கும் இல்லாமற் போயிற்று. கள்ளனைப் பிடித்துத் தண்டிப்பது சர்க்கார் வேலை. போன மாட்டின் விலை போனது போனதுதான்.

சர்க்கார் போலீஸ் எட்டாத இடங்களில் பழைய காவல் மறைமுகமாக நடந்தது. மதுரை ஜில்லாவில் அது எவ்வளவு கெட்டுப்போயிற்று என்றால், காவற்கூலி கொடாதவனுடைய மாடு காணாமற் போகும்; ‘துப்புக்கூலி’ என்று ஒரு தொகை கொடுத்தால் திரும்பி வரும். காப்பவனும் கவர்பவனும் ஒரே கையாய் விட்ட நிலை அது.

1896இல் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் இதற்கு ஒரு மாற்றுக் கண்டனர். அதனைக் கூட்டுறவுக்காரர்களாகிய நாம் கவனித்துக் கேட்க வேண்டும். இந்தியாவில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறப்பதற்கு 8 வருஷங்களுக்கு முன்னரே, அவர்கள் ஊர்தோறும் ‘பண்டு’ என்று ஒரு பொது நிதி சேர்த்தனர். மாடு களவு போனவருக்கு அந்நிதியிலிருந்து ஈடு கொடுப்பதென்றும், தங்களுக்குள்ளேயே காவலரை ஏற்படுத்துவதென்றும், கொம்பு ஊதினவுடன் வீட்டுக்கு ஒருவர் புறப்பட வேண்டுமென்றும், புறப்படாதவர் அபராதம் கட்ட வேண்டுமென்றும் கட்டுப்பாடு செய்துகொண்டனர். நிதி, விதி, பொறுப்பு, தண்டனை ஆகிய நான்கும் அதில் இருந்தன. குறைவு யாது? பதிவும் தணிக்கையும் தான்.

ஆனால் அக்கதையின் மறு பாதியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அவ்வியக்கம் காவல் முறையைத் திருத்துவதோடு நிற்கவில்லை. காவல் தொழிலில் இருந்த ஒரு வகுப்பார் முழுவதன்மேலும் பாய்ந்தது. வீடுகள் எரிந்தன, குற்றமறியாத குடும்பங்களும் ஊரை விட்டு ஓடின. பின்னர் 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் அவ்வகுப்பில் பிறந்தவர்களையெல்லாம் சர்க்காரே பதிவு செய்து, இரவில் இன்ன இடத்தில்தான் படுக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்திற்று. சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீக்கப்படும் வரையில் அவமானமும் துன்பமும் அம்மக்களை விட்டு நீங்கவில்லை. கெட்டது ஒரு முறை. தண்டனை அடைந்தவர்களோ பிறந்த குழந்தைகள் வரையில் யாவரும். பொதுக் காரியத்தில் ஒன்றுகூடுவோர் இதை என்றும் மறத்தலாகாது. தவறு செய்தவனைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்; அவன் குலத்தைக் கேட்கலாகாது. நம் சங்கத்திலும் தவணை தவறியவர் ஒருவராயின், அவர் தெருவையோ வகுப்பையோ ஏசுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

சங்கமே காவல்

பிறகு நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லுகிறேன். 1948 மார்ச்சு 3ஆம் தேதி புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14ஆம் தேதி தனி ஜில்லாவாயிற்று. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம முன்சீபு, கணக்குப்பிள்ளை பதவிகள் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தது. தலையாரிக்குக் கிராம உதவியாளர் என்று புதுப்பெயர் ஏற்பட்டது. ‘காவலர்’, ‘காவல் நிலையம்’ என்னும் சொற்கள் சர்க்கார் போலீசைச் சேர்ந்தன. பழைய பெயரை இன்றும் முதியவர்கள் வாயில் கேட்கிறோம். ஆனால் அப்பெயரோடு பிறந்த பொறுப்பை எங்கே தேடுவது?

அதற்கு விடை இச்சங்கத்திலேயே இருக்கிறது. ஜெர்மனி தேசத்தில் ரெய்பைசன் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் ஏழைக் குடியானவர்களுக்காக நாணயச் சங்கங்களை ஸ்தாபித்தபோது, எல்லாரும் எல்லாருடைய கடனுக்கும் பொறுப்பாளிகள் என்பதையே அஸ்திவாரமாக இட்டார். சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் துரை இவ்விஷயத்தை ஆராய்ந்து 1895 முதல் எழுதிய அறிக்கையில் அவ்வழியையே சிபார்சு செய்தார். 1904ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ்ச் செங்கற்பட்டு ஜில்லாத் திரூரில் இம்மாகாணத்தின் முதல் கிராம நாணய சங்கம் பதிவாயிற்று. அக்காலத்துக் கிராமச் சங்கங்களில் பொறுப்பு வரையறையற்றது. ஒருவன் வாங்கிய கடனுக்கு மற்றவர் நிலமும் பதில் சொல்லவேண்டியிருந்தது. அதனால் ஒவ்வோர் அங்கத்தினரும் அடுத்தவர் கடனைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். விதைக்கென்று வாங்கிய பணம் விதையாயிற்றா, கலியாணமாயிற்றா என்று விசாரித்தார். சட்டத்தின் வாசகம் பிற்காலத்தில் மாறியிருக்கலாம், அக்கருத்து மாறவில்லை. சங்கம் என்பது பழைய பாடிகாவலே. காக்கப்படுவது பயிரன்று, நம் பொது நாணயம், அவ்வளவே வேற்றுமை.

நான் தணிக்கைக்குச் செல்லும் கிராமங்களில் இரண்டு விதச் சங்கங்களைக் காண்கிறேன். ஒரு விதச் சங்கத்தில் அங்கத்தினர் மகாசபைக்கு வருகிறார்கள். வரவுசெலவு படிக்கும்போது குறுக்கே கேட்கிறார்கள். உரக்கிடங்கின் சாவி யாரிடம், நகைக்கடன் பெட்டியின் இரண்டாவது சாவி யாரிடம், இருப்பு மூட்டைகளை எப்போது எண்ணினீர்கள் என்கிறார்கள். காரியதரிசிக்குச் சற்றுச் சிரமந்தான். ஆயினும் அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். மற்றொரு விதச் சங்கத்தில் ‘எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்’ என்று பஞ்சாயத்தார் வெறுங் காகிதத்தில் கையெழுத்து இட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இது தான் பாடிகாவலை விற்றுக் கொடுப்பது. முதலில் உதவி, அடுத்து அதிகாரம், முடிவில் அரசு சுவதந்திரம்! பிறகு ஒருநாள் இருப்பில் குறைவு கண்டு எல்லாரும் கூக்குரலிடுகிறார்கள். நாமே விற்றுவிட்ட காவலுக்கு யாரை நோவது?

ஆதலின் நான் உங்களிடம் வேண்டுவன மூன்று. முதலாவது, சங்கத்தில் எந்த வேலைக்குக் கூலி கொடுத்தாலும் அதனோடு பொறுப்பையும் எழுத்தில் சேர்த்துக் கொடுங்கள். கிடங்குக் காவலருக்கு மாதச் சம்பளம் விதிக்கும்போதே, எத்தனை மூட்டை அவர் கையில் ஒப்புவிக்கப்பட்டது என்று எண்ணி, இருவரும் கையெழுத்திடுங்கள். எண்ணாமல் ஒப்புவித்துவிட்டுப் பின்னர்க் குறைவு கேட்பது அந்த ஏழைக்குச் செய்யும் அநீதியாகும். இரண்டாவது, நியமிக்கும் உரிமையையும் நீக்கும் உரிமையையும் மகாசபை எக்காரணத்தாலும் கைவிடலாகாது. மூன்றாவது, முடிவு செய்தவற்றை யாவரும் பார்க்கும்படி எழுதி வையுங்கள்.

இம்மூன்றாவதற்குச் சாட்சி நம்மூர் மலையிலேயே இருக்கிறது. ஒரே குன்றிலுள்ள சிவன் கோயிலாருக்கும் பெருமாள் கோயிலாருக்கும் நெடுங்காலம் வருமான வழக்கு இருந்துவந்தது. 1245ஆம் வருஷத்தில் ஹொய்சளத் தண்டநாயகர் அப்பண்ணர் முன்னிலையில் சபை கூடி, இன்ன பங்கு இன்னாருக்கு என்று தீர்த்து, அதனைக் கல்லில் பொறித்தனர். ஏழரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று; எழுத்து இன்னும் இருக்கிறது. நம்மிடம் கல்தச்சர் இல்லாவிடினும் நடவடிக்கைப் புஸ்தகம் இருக்கிறதல்லவா?

தலையாரியின் பெயர் உயர்ந்ததும் தாழ்ந்ததும் பட்டத்தினால் அன்று. கூலியும் பொறுப்பும் ஒருங்கே இருந்தபோது ஊர் அவனை மதித்தது. கூலி தனியாகவும் பொறுப்பு தனியாகவும் பிரிந்தபோது ஊர் அவனுக்கு அஞ்சிற்று, அல்லது அவனை மறந்தது. பஞ்சாயத்தார், தலைவர், காரியதரிசி என்று நாம் சூட்டும் பெயர்களுக்கும் இதுவே அளவுகோல்.

இனி நிகழ்ச்சி நிரலின்படி வரவுசெலவு படிக்கப்படும். தயைசெய்து ஒருவரும் எழுந்து போகாதிருங்கள்; காவல் அங்கேதான் ஆரம்பமாகிறது.